குணசேகரன் விசாரித்த டாக்டர்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஜாதகம் பார்ப்பார்கள், பொருத்தம் பார்ப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "குணசேகரன்கிட்ட சொல்லி விசாரிச்சாச்சா?" அந்தக் குணசேகரன் என் வீட்டுக்காரர். அவர் பெருமையைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு கதை. கோபத்தோடுதான் சொல்வேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குறுவையும் சம்பாவும் போடுகிறவர் அவர். உழைப்பாளி. குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவருடைய அக்காவை வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அக்கா ஆடியில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. அப்போது இவருக்கு இருபது வயது இருக்கும். அன்றிலிருந்து, தெரிந்தவர் வீட்டுப் பெண் யாருக்காவது வரன் வந்தால் நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒரு டீக்குக்கூடக் காசு வாங்க மாட்டார். இந்த நல்ல குணத்தை நான் மறுக்கவில்லை.

விசாரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு நேராகப் போக மாட்டார். அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நடவு ஆயிடுச்சா, தண்ணி வந்துச்சா என்று ஆரம்பித்து, பேச்சு தானாக அந்த வீட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பொறுமையாக இருப்பார். அப்புறம் முடிவெட்டும் கடை. பையன் குடிக்கிறவனா என்பது முடிவெட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது என்பார். அப்புறம் உரக்கடை. கடைசியாகக் கோயில் குருக்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து, அந்தக் குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் என்னிடம் ஒப்பிப்பார். நிலம் வாங்குவதிலும் இப்படித்தான். அரை மா நிலமாக இருந்தாலும் மூலப் பத்திரம் பார்த்து, பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்து, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் பெற்ற பிள்ளையின் நெஞ்சை அறுக்கப்போகிறவனை எப்படி விசாரித்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்கு ஒரே பையன், ராஜராஜன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒன்பதாவது படிக்கும்போது அவனுக்கு மார்பில் சதை வளர ஆரம்பித்தது. ஆண் பிள்ளைகள் சிலருக்கு அந்த வயதில் இப்படி வருவதுண்டு, பலருக்குத் தானாக வற்றிவிடும். இவனுக்கு வற்றவில்லை. அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். உடம்புக்கு இல்லை, சரி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் விட்டுவைப்பார்களா? உள்ளே இறுக்கமாக ஒரு பனியன், மேலே தொளதொளவென்று ஒரு சட்டை, சித்திரை வெயிலிலும் அப்படித்தான் இருப்பான். ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் காவிரியில் இறங்கும்போது இவன் மட்டும் படித்துறையில் நின்று எங்கள் செருப்புக்குக் காவல் காப்பான்.

பெண் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்தபோதுதான் அவன் வாய் திறந்தான். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு நலுங்கு வைப்பார்கள். சட்டையைக் கழற்றி மணையில் உட்கார வைத்து, உறவுக்காரப் பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து சந்தனம் பூசுவார்கள். "அம்மா, என்னால அப்படி உக்கார முடியாதும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு அப்புறம் பொண்ணு பாருங்க" என்றான். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அழகுக்காக உடம்பை அறுத்துக்கொண்டான் என்று யாராவது சொல்வதாக இருந்தால் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். பாதி வயது குனிந்த தோளோடு நடந்த பிள்ளை நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வெளியில ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. நாளைக்கு இவனையும் நாலு பேரு விசாரிப்பாங்க." ஊரில் எல்லார் வீட்டுப் பிள்ளையையும் துருவித் துருவி விசாரித்தவருக்குத் தன் பிள்ளையை ஒருவர் விசாரிப்பார் என்ற பயம் அப்படி இருந்தது.

டாக்டரைக் கண்டுபிடித்தது என் மகன்தான். அவனையும் சும்மா விட மாட்டேன். படித்த பிள்ளை, ஒரு செல்போன் வாங்க ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணுகிறவன், இதற்கு இன்ஸ்டாகிராமில் நாலு வீடியோ பார்த்தான். தஞ்சாவூரில் ஒரு கிளினிக். முன்னால் இப்படி இருந்தது, பின்னால் இப்படி ஆனது என்று போட்டோக்கள். பார்த்தவர்கள் கொடுத்த நட்சத்திரம் நாலரைக்கு மேல். பரோட்டாக் கடை தேடுகிறவனுக்கு அது போதும். "டாக்டர் அன்பரசன், காஸ்மெடிக் சர்ஜன்" என்று போர்டு. ஆள் பாபநாசம் பக்கத்துக் கிராமம் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஊர் தெரிஞ்சுடுச்சில்ல, நான் விசாரிக்கறேன்" என்றார்.

போனார். எதற்காக விசாரிக்கிறோம் என்று சொல்ல முடியாதே. ஒரு டாக்டரைப் பற்றிக் கேட்டால், யாருக்கு, என்ன உடம்புக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் தனக்குத் தெரிந்த வழியில் கேட்டிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு, இந்த டாக்டர் பையனுக்குப் பாக்கலாமான்னு வந்தேன்" என்று ஆரம்பித்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை அந்த ஊருக்குப் போய்வந்தார்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "தங்கமான குடும்பம் அகிலாண்டம். அப்பா துரைராசுன்னு பேரு, இப்ப இல்ல. அந்த ஊர்ல கோயில் தேர் ஓடாம கெடந்தப்ப முன்ன நின்னு ஓட்டினவராம். பையன் பீடி சிகரெட் தொட்டதில்ல. அம்மா மேல உசுரு. ஊர்ல ஒருத்தர் வாயிலேருந்து ஒரு சொல்லு வரலை."

"எல்லாம் சரிங்க. இந்த ஆபரேஷனுக்குன்னு அவரு என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்டேன்.

"டாக்டருக்குப் படிச்சவன் டாக்டருக்குத்தான் படிச்சிருப்பான். வேற என்ன படிப்பான்?"

"இல்லைங்க, கண்ணுக்குத் தனி, எலும்புக்குத் தனின்னு இருக்கே."

"நான் விசாரிச்சா விசாரிச்சதுதான். ரசத்தை ஊத்து" என்றார்.

ஊற்றினேன். வேறு என்ன செய்ய? ஊரே நம்புகிற மனுஷர்.

ஆபரேஷன் அன்றைக்கு அப்பாவும் பிள்ளையும் காலையிலேயே கிளம்பினார்கள். மூன்று பேரும் சேர்ந்து போனால் பக்கத்து வீட்டில் எங்கே என்று கேட்பார்கள் என்பதால் என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நான் வாசலில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. என் வயதிருக்கும் ஒரு அம்மா, பட்டுப்புடவை, கையில் பழத்தட்டு, பூ.

"நான் பாபநாசத்துக்கிட்டேருந்து வரேன். டாக்டர் அன்பரசனோட அம்மா."

"என் பையனுக்கு என்னங்க ஆச்சு?" என்றேன்.

அந்தம்மா விழித்தார். "உங்க பையனா? நான் பொண்ணு விஷயமா வந்தேங்க. அண்ணன் எங்க ஊருக்கு வந்து விசாரிச்சாங்களாம். அவங்க விசாரிச்சுட்டுப் போனா நல்லது நடக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் ஒரு தகவலும் வரலை. முறைப்படி பொண்ணு வீட்டுலேருந்துதான் வரணும். பையனுக்கு வயசு முப்பத்தஞ்சாவுதுங்க, முறை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா முடியுமா? நானே வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் வீட்டுக்காரருடைய கெட்டிக்காரத்தனத்தின் பலன் பழத்தட்டோடு வாசலில் நிற்கிறது. இல்லாத பெண்ணை எங்கிருந்து காட்டுவது? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் வரட்டும், அவரே சமாளிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணை முன்னாடியே சொல்லிடறேங்க. பின்னால மறைச்சுட்டாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. டாக்டர்னு சொன்னதும் எல்லாரும் பெரிய டாக்டர்னு நெனைச்சுக்கறாங்க. அவன் பல்லுக்குத்தான் படிச்சான். பல் கிளினிக் வச்சுப் பாத்தான், சரியா ஓடலை. அப்புறம் வடக்க எங்கேயோ போயி ஒரு வாரம் பயிற்சி எடுத்துக்கிட்டு வந்துதான் இந்த அழகு கிளினிக்கை ஆரம்பிச்சான். இப்ப நல்லா நடக்குது. ஆனா படிப்பு பல்லு படிப்புதான். பொண்ணு வீட்டுல அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணணும்."

நான் அந்தம்மா முகத்தையே பார்த்தேன். நல்ல முகம். பொய் சொல்லத் தெரியாத முகம். எனக்கு அங்கேதான் எரிந்தது. பெண் கொடுக்கிறவனிடம் படிப்பை மறைத்தால் பாவம் என்று இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. கத்திக்கு அடியில் படுக்கிறவனிடம் மறைக்கலாம், அது தொழில். அவனிடம் போர்டில் சர்ஜன் என்று எழுதிக்கொள்ளலாம்.

பல் டாக்டரை நான் மட்டமாகப் பேசவில்லை. என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் எடுத்த ஒரு பல் டாக்டரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். பல்லுக்குப் படித்தவன் பல்லைப் பார்க்கட்டும். என் பிள்ளையின் நெஞ்சில் அவனுக்கு என்ன வேலை?

போனை எடுத்தேன். ராஜராஜன் போன் அணைந்திருந்தது. இவரைக் கூப்பிட்டேன், எடுத்தார்.

"புள்ளையை உள்ள அனுப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

"நிறுத்துங்க. அவன் பல் டாக்டராம். சர்ஜன் இல்ல. அவன் அம்மாவே நம்ம வீட்டுல உக்காந்து சொல்றாங்க. எந்திரிச்சுப் போய்க் கதவைத் தட்டுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்க நம்ம உரக்கடைக்காரரு உக்காந்திருக்காரு. மருமவளுக்கு முகத்துல மரு எடுக்க அழைச்சுக்கிட்டு வந்திருக்காரு" என்றார்.

"உக்காந்திருந்தா என்னங்க?"

"நான் போய்ச் சத்தம் போட்டா என்ன ஏதுன்னு கேப்பாரு. ஊர் பூரா தெரிஞ்சுடும். நீ போனை வை, நான் பக்குவமா பாத்துக்கறேன்."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அவர் பக்குவமாகப் பார்த்துக்கொண்டது என்ன என்று அப்புறம் தெரிந்தது. அங்கே மேஜையில் பெயர் எழுதுகிற பெண்ணிடம் போய், டாக்டரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்ததும் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். சரி என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். உரக்கடைக்காரரோடு யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இதைத்தான் என்னால் ஜென்மத்துக்கும் மறக்க முடியாது.

நான் அந்தம்மா பக்கம் திரும்பினேன். "உங்க மகன் இப்ப என் மகன் நெஞ்சுல கத்தி வச்சுக்கிட்டிருக்கான். வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். விவரத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் எழுந்து வந்தார்.

ரோடு முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு அறுவடை மிஷின் முன்னால் போய்க்கொண்டு வழி விடவே இல்லை. நான் அந்த மிஷின்காரனைத் திட்டினேன், நெல் காயப்போட்டவர்களைத் திட்டினேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கை நல்ல கைங்க. எவ்வளவோ பேருக்குப் பண்ணியிருக்கான், ஒண்ணும் ஆனதில்ல" என்றார்.

கையை உதறினேன். "உங்களுக்கு நெஞ்சுல ஒரு கட்டி வந்தா உங்க மகன்கிட்ட அறுத்துக்குவீங்களா?"

கண்டியூர் தாண்டும்போது அவர் முன்சீட்டைத் தட்டினார். டிரைவரிடம், "இன்னும் வேகமா போப்பா" என்றார்.

கிளினிக் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பளபளவென்று இருந்தது. இவர் மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அகிலாண்டம், மெதுவா" என்றார். நான் அவரைத் தாண்டிப் போய் அந்த உள்கதவை இரண்டு கையாலும் அடித்தேன். எனக்குப் பின்னால் அந்தம்மா, "அன்பு, அம்மா வந்திருக்கேன். கதவைத் திற" என்று கூப்பிட்டார். அம்மா குரலுக்குத்தான் அது திறந்தது.

அன்பரசன் சின்னப் பையன் மாதிரிதான் இருந்தான். சாந்தமான முகம். கையுறையில் ரத்தம். "ஒரு பக்கம் முடிஞ்சுதும்மா. இன்னொரு பக்கம் இருக்கு, முடிச்சுட்டா போகலாம்" என்றான், ஏதோ சட்டை தைத்துக் கொடுக்கிறவன் மாதிரி. உள்ளே வேறு டாக்டர் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டதும் இவன்தான், அறுத்ததும் இவன்தான், கூட ஒரு பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகன் விழித்துக்கொண்டு கிடந்தான். உதடு வெள்ளையாக இருந்தது.

"மரத்தே போகலம்மா. சொன்னேன். கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு" என்றான்.

அந்த அன்பரசனை நான் என்ன திட்டினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. அவன் அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கட்டுப் போட்டு வெளியே கொண்டுவருவதற்குள் கட்டுக்கு மேலே ரத்தம் ஊறிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் அந்த ரத்தத்தைப் பார்த்தபடி சுவரோரமாக நின்றுவிட்டார். ஓடிவந்து ராஜராஜனைத் தோளில் தாங்கிக் காரில் ஏற்றியது உரக்கடைக்காரர். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்குப் பயந்து இவர் கதவைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாரோ அந்த மனுஷர்தான் தன் துண்டை எடுத்து என் மகன் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார்.

அதே தஞ்சாவூரில், அந்தக் கிளினிக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், முறையாகப் படித்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் இருந்திருக்கிறார். டாக்டர் ரசியா பேகம். பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷமாக இருக்கிறவர். அவர் மறுபடி திறந்து, கட்டிக்கிடந்த ரத்தத்தை வெளியேற்றி, ஒழுகிக்கொண்டிருந்த ரத்தக்குழாயைக் கட்டினார். ஆனாலும் மார்க்காம்பைச் சுற்றியிருந்த தோலில் பாதி கறுத்துச் செத்துப்போனது. அந்தப் பக்கத்தில் நெஞ்சு குழிந்துவிட்டது. மறுபக்கம் முன்னே இருந்தபடியே இருக்கிறது.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அந்தத் தோல் திரும்ப வராது. பள்ளத்தைக் கொஞ்ச நாள் கழிச்சு ஓரளவு சரி பண்ணலாம். முழுசா பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். "எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

டாக்டரம்மாவுக்கும் கோபம் வந்தது. "கேட்டா தெரியும்ங்க. எம்.பி.பி.எஸ். முடிச்சு, சர்ஜரி படிச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரிக்குன்னு தனியா எம்.சிஹெச். இல்லைன்னா டி.என்.பி. முடிச்சிருக்காங்களான்னு கேளுங்க. பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க. மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல பேரைப் போட்டுப் பாருங்க. மயக்க மருந்து குடுக்க எந்த டாக்டர் வராருன்னு கேளுங்க. திடீர்னு ஏதாவது ஆனா எங்க கொண்டுபோவீங்கன்னு கேளுங்க. இதைக் கேட்டா கோவப்படற டாக்டர்கிட்ட படுக்காதீங்க. அவ்வளவுதான்."

ராஜராஜன் படுக்கையில் இருந்தபடியே இடது கையால் போனில் தேடினான். நர்ஸ் டிரிப் பாட்டிலை மாற்றி முடிப்பதற்குள் பார்த்துவிட்டான். டாக்டர்கள் பதிவில் அந்தப் பெயரும் ஊரும் கொண்ட ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பாபநாசம் பஸ் ஏறிப் போனார். குருக்களைப் பார்த்தார். செத்துப்போன துரைராசு தேர் ஓட்டிய கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்த இடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. கேட்டவளை ரசம் ஊற்றச் சொன்னார்.

நானும் மகனும் சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தோம். வேண்டாம் என்று இவர் எவ்வளவோ சொன்னார். "அவன் பேரோட நம்ம பேரும் வெளியில வரும்." விசாரணை நடக்கிறது என்கிறார்கள். அதுவரைக்கும் கிளினிக் திறந்துதான் கிடக்கிறது, போர்டும் தொங்குகிறது. உரக்கடைக்காரர் இன்று வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தம்மா ஒரு நாள் போன் பண்ணி அழுதார். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இது போதாதென்று இன்னொன்று நடந்தது. பாபநாசத்தில் இவர் விசாரித்துவிட்டுப் போன செய்தி பரவிவிட்டது. அந்த டாக்டர் பையன் விஷயம் என்ன ஆச்சு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல இடந்தான். ஜாதகம் சேரலை." கேட்ட எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜாதகம் சேராததற்கு டாக்டர் என்ன செய்வான்? அவன் பெயர் இன்னும் பளிச்சென்று ஆனது. குணசேகரனே நல்ல இடம் என்று சொன்ன டாக்டர் என்று பேச்சு ஆகிவிட்டது. நான் கத்தினேன், சாப்பாடு போடாமல் இருந்தேன். "நம்ம புள்ளை விஷயத்தைச் சொல்லாம வேற என்னத்தைச் சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

போன வாரம் சாயங்காலம் ஒரு போன் வந்தது. தரங்கம்பாடியிலிருந்து குஞ்சிதபாதம். அவருடைய மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்தது இவர்தான். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ராஜராஜன் லீவில் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன்.

"அண்ணே, நம்ம சின்னவ பூர்ணிமாவுக்குக் கன்னத்துல அந்தப் பழைய தீக்காயத் தழும்பு இருக்குல்ல. அதை எடுத்துடலாம்னு பாக்கறோம். தஞ்சாவூர்ல அன்பரசன்னு ஒரு டாக்டர், நீங்ககூட விசாரிச்சீங்களாமே. நீங்க விசாரிச்ச ஆளுன்னதும் வேற யோசனையே பண்ணலை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. ஒரு வார்த்தை உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யலாம்னுதான்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"குடும்பம்... குடும்பம் நல்ல குடும்பந்தான்" என்றார்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் ராஜராஜன் எழுந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிவிட்டான்.

"மாமா, நான் ராஜராஜன் பேசறேன். அப்பா அவரை விசாரிச்சது எந்தப் பொண்ணுக்காகவும் இல்ல. எனக்காக. எனக்கு மார்ல சதை இருந்துச்சு, பொம்பளைங்களுக்கு இருக்கற மாதிரி. சின்ன வயசுலேருந்தே. அதை எடுக்கத்தான் அவர்கிட்ட போனேன். அவர் சர்ஜன் இல்ல மாமா, பல் டாக்டர். ஒரு பக்கம் அறுத்து ரத்தம் நிக்காம போயி, வேற ஆஸ்பத்திரில காப்பாத்தினாங்க. எனக்கு இப்ப ஒரு பக்கம் பள்ளமா இருக்கு. பூர்ணிமாவை அங்க அனுப்பாதீங்க."

குஞ்சிதபாதம், "ஐயோ தம்பி, இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா" என்றார்.

"சொல்லுங்க மாமா. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. வேணும்னா போட்டோ அனுப்பறேன். பாப்பாவுக்குப் பாக்கறதுக்கு முறையா படிச்ச டாக்டர் இருக்காங்க, நம்பர் தரேன்" என்றான். ரசியா பேகம் ஆஸ்பத்திரி நம்பரைச் சொல்லி, குறித்துக்கொண்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தான்.

இவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இத்தனை நாள் மறைச்சு வச்சோமேடா. எப்படிடா உன் வாயால சொன்ன?" என்றார்.

"அன்னைக்கு நீங்க அந்தக் கதவைத் தட்டியிருந்தா நான் சொல்ல வேண்டி வந்திருக்காதுப்பா" என்றான் பிள்ளை. குரலை உயர்த்தவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் அடுப்படிக்குப் போய், போட்டுவிட்டு வந்த கரண்டியை எடுத்தேன்.